வீட்டுலதான் இருக்கோம்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, கார் ஈஜோக் ஊரைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, குமுதா காவடிக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டாள். அவள் புருஷன் ரவீந்திரன் ஹாலில் பாய்மேல் சாய்ந்து, இரண்டு கால்களையும் உப்புத் தண்ணீர் பேசினுக்குள் விட்டுக்கொண்டு, உலகத்தையே துறந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கும் படம். முதல் நாள் ராத்திரி எடுத்தது. கீழே, ‘கால் பூரா கொப்பளம். நடக்க முடியல. வீட்டுலதான் இருக்கோம், ரெஸ்ட்’ என்று எழுதினாள்.

உலகத்தைத் துறந்தவன் பக்கத்து சீட்டில் ஸ்டியரிங்கைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். பின்னால் மகள் நித்தியா, அவள் காலடியில் மடித்து வைத்த ரப்பர் கயாக் படகு, இரண்டு தூண்டில், ஐஸ் பெட்டி, டெண்ட்.

“அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன்.”

“மச்சான் பாத்துட்டாரா?”

“ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சு.”

“அப்ப ஜாலி லா,” என்று ரவீந்திரன் ஆக்சிலேட்டரை அழுத்தினான்.

இவர்கள் ஊரை ஏமாற்றிப் பிழைக்கிற ஆட்கள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரவீந்திரன் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். குமுதா கையுறைக் கம்பெனியில் ஓட்டை பார்த்துக் கழிக்கிற வேலை. நித்தியாவுக்குச் சின்ன வயதில் இருந்த இழுப்பு நின்றதற்காக மூன்று வருஷம் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, மூன்றாவது காவடியை நேற்றுத்தான் பத்துமலையில் இறக்கி வைத்தார்கள். நாற்பத்தெட்டு நாள் ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, பச்சைத் தண்ணீர்க் குளியல். எதிலும் குறை வைக்கவில்லை. கடைசியாக இருந்தது ஒரே ஒரு நாள்தான். அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை.

காவடி இறக்கியதும் விரதம் முடிந்துவிட்டது என்று வெளியாள் நினைப்பான். முடியாது. மூன்றாம் நாள் இடும்பன் பூசை போட்டு, படையல் வைத்து, அதற்கப்புறம்தான் மீன், கறி என்று மச்சம் தொடலாம். இந்த வருஷம் பூசை செவ்வாய்க்கிழமை சாயங்காலம், குமுதாவின் அண்ணன் லோகேஸ்வரன் வீட்டில். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் அவர். காவடிக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். போன வருஷம் ஒருத்தன் பூசைக்கு முதல் நாள் முட்டை ரொட்டி தின்றது காதுக்கு எட்டியதும், அத்தனை பேர் முன்னாலும் அவன் கழுத்து மாலையைக் கழற்ற வைத்த மனுஷன். அப்பா செத்தபின் குமுதாவைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். அதனால் நாற்பது வயதிலும் அவர் குரலைக் கேட்டால் அவளுக்கு முதுகு நிமிர்ந்துகொள்ளும்.

ஆனால் தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமை வந்து தொலைத்ததில் திங்கட்கிழமை மாற்று விடுமுறை. செவ்வாயிலிருந்து ரவீந்திரனுக்கு ஷிஃப்ட், நித்தியாவுக்குப் பள்ளிக்கூடம். தீபாவளிக்கு வாங்கிய கயாக் பெட்டி பிரிக்காமல் சோபாவுக்குப் பின்னால் கிடந்தது. பிள்ளை தினமும் அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகும். கடைசியில் வழி கண்டுபிடித்தது குமுதாதான். “பிடிக்கலாம், சாப்பிடக் கூடாது,” என்றாள். “பெட்டியில போட்டு வெச்சு பூசைக்கு அப்புறம் சமைச்சுக்கலாம். முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது.” சாமியைச் சமாளித்துவிடலாம் என்றுதான் இருவருக்கும் தோன்றியது. அண்ணனைச் சமாளிக்கத்தான் படம் எடுக்க வேண்டியிருந்தது.

பயத்தில்தான் இடத்தையும் பார்த்தார்கள். ஜெராம் பக்கம் எல்லாரும் போகிற கடற்கரைக்குப் போனால் பாதி ராவாங் அங்கே உட்கார்ந்து கெராங் சிப்பி தின்றுகொண்டிருக்கும். அதனால் ரவீந்திரன் சுங்கை செம்பிலாங் போகிற ரோட்டில் திரும்பி, செம்பனைக்கு நடுவே மண் பாதையில் இறங்கி, கடலைத் தடுத்துப் போட்டிருக்கிற மண்மேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். அக்கம் பக்கம் ஒரு குஞ்சு இல்லை. மேட்டுக்கு அப்பால் நாலு கண்டல் மரம், ஒரு பட்டை மணல், அதைத் தொட்டுக்கொண்டு தளும்பத் தளும்பக் கடல். எட்டு மணிக்கு அவ்வளவு அழகாக இருந்தது.

குமுதா மாதம் தவறாமல் பௌர்ணமி விரதம் இருக்கிறவள். அன்றைக்கும் பௌர்ணமி தீரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வீட்டு நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். ஆனால் கடலும் பௌர்ணமி பார்க்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த நாட்களில் தண்ணீர் மேடு வரைக்கும் ஏறும், இறங்கும்போது முக்கால் மைலுக்கு இறங்கும். சுங்கை செம்பிலாங்கில் சட்டை போடத் தெரியாத பிள்ளைக்குக்கூட அது தெரியும். ராவாங்கில் யாருக்குத் தெரியும்?

டெண்ட் போட்டார்கள். இன்று ராத்திரி இங்கேதான், விடிய நாலு மணிக்குக் கிளம்பினால் போதும் என்று திட்டம். கயாக்குக்குக் காற்றடித்தபோது ரவீந்திரன் பிள்ளையைவிட அதிகமாகக் குதித்தான், கொப்பளக் காலோடு. நித்தியாவுக்கு மிதவைச் சட்டையைப் போட்டு இறுக்கிக் கட்டினான். தனக்கு எடுத்து வைத்ததை மாட்டிப் பார்த்து, உடனே கழற்றி எறிந்தான். முதுகில் காவடிக் கொக்கி குத்திய இடமெல்லாம் இன்னும் காயவில்லை, உரசினால் உயிர் போனது. போனை அவன் முன்பே அணைத்து டெண்டுக்குள் போட்டுவிட்டான். மச்சான் திடீரென்று முகம் பார்த்துப் பேசக் கூப்பிடுகிற பழக்கமுள்ளவர். கடலைக் காட்டிக்கொண்டா பேச முடியும்?

“அந்தக் கம்பு நட்டு வெச்சிருக்கான் பாரு, அது வரைக்கும்தான். அங்கதான் மீனு நிக்கும்.”

“பதினோரு மணிக்கு வந்துருங்க. எலுமிச்சம் சோறு வெச்சிருக்கேன்.”

“சரிங்க பாஸ்,” என்றான். நித்தியா துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். குமுதா அதைத் திருத்திக் கொடுத்து, கயாக்கைத் தள்ளிவிட்டாள். அதைத் தள்ளியது தன் கைதான் என்பதைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி அழுதாள்.

இரண்டு ராத்திரி பத்துமலையில் கண் மூடாதவள். டெண்டுக்குள் ஐந்து நிமிஷம் சாயலாம் என்று படுத்தாள், அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டாள். விழித்தபோது மணி பதினொன்று ஐம்பது. வெளியே வந்து பார்த்தாள். கடலைக் காணோம்.

காணோம் என்றால் காணோம்தான். கரை முடிந்த இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டிய மட்டும் சாம்பல் நிறச் சேறு, வெயிலில் பளபளவென்று. எங்கேயோ கடைக்கோடியில் ஒரு கோடு மாதிரித் தண்ணீர். அதற்கு இந்தப் பக்கம், சேற்றுக்கு நடுவில், ஆரஞ்சு நிறத்தில் கயாக். பக்கத்தில் ரவீந்திரன் நின்றுகொண்டு கையை ஆட்டினான். அடடா, இறங்கிச் சிப்பி பொறுக்குகிறார்கள் போல என்று நினைத்தாள். சிரித்துக்கொண்டே அவளும் கையை ஆட்டினாள். போனை எடுத்து இரண்டு படமும் பிடித்தாள்.

சோற்றை எடுத்து வைத்து, அப்பளத்தைப் பிரித்து, திரும்பிப் பார்த்தபோது அவன் அதே இடத்தில் நின்றான். அதே மாதிரிக் கையை ஆட்டினான். இருபது நிமிஷமாக ஒரு மனுஷன் ஒரே இடத்தில் நின்று என்னத்தைப் பொறுக்குவான்? பிடித்த படத்தைத் திறந்து விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். ரவீந்திரனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. தரை தட்டிய கயாக்கைத் தள்ள இறங்கியவனைச் சேறு விழுங்கியிருந்தது. முகம் சிரிக்கவில்லை. நித்தியா கயாக்குக்குள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

குமுதா செருப்பை உதறிவிட்டு ஓடினாள். பத்தடி வரைக்கும் கெட்டியாக இருந்தது. பதினைந்தாவது அடியில் முட்டி வரைக்கும் போனது. ஒரு காலை இழுத்தால் மற்றக் கால் தொடை வரைக்கும் இறங்கியது. கீழே யாரோ இருந்து பிடித்து உறிஞ்சுகிற மாதிரி இருந்தது. முகம் குப்புற விழுந்து, வயிற்றால் ஊர்ந்து, கையில் அகப்பட்ட கண்டல் வேரைப் பிடித்து வெளியே வருவதற்குள் மூச்சு முட்டிப் போயிற்று. கரை ஓரத்தில் நின்றபடியே, “என்னங்க! நித்தி!” என்று கத்தினாள். காற்று கரையை நோக்கி அடித்தது. அவள் குரல் அவள் வாயைத் தாண்டவில்லை. அவன் குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. “வராத” என்பது மாதிரி ஏதோ.

மணி பன்னிரண்டரை. ஓடும்போது போட்டுவிட்டுப் போன போனை எடுத்தாள். மூன்று எண்ணை அழுத்தினால் பொம்பா வந்துவிடும். சிவப்பு லோரி, கயிறு, ரப்பர் படகு எல்லாவற்றோடும் தீயணைப்புக்காரர்கள் வந்துவிடுவார்கள். அவளுக்கு அது தெரியும். ஒன்பதை இரண்டு தடவை அழுத்தியும்விட்டாள்.

அழுத்திய விரல் நின்றது. பொம்பா வந்தால் கூடவே யாராவது போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவான். சாயங்காலத்துக்குள் பேஸ்புக்கில் வந்துவிடும். ‘காவடி எடுத்த மறுநாளே மீன் பிடிக்கப் போன குடும்பம்’ என்று எவனாவது எழுதுவான். நாளைக்குப் பூசையில் அண்ணன் அவளை ஏறிட்டுப் பார்க்க மாட்டார். எல்லார் முன்னாலும் ரவீந்திரன் மாலையைக் கழற்றுவான். பிள்ளைக்காக எடுத்த காவடி பலிக்காது என்று கிழவிகள் பேசுவார்கள். இதெல்லாம் அந்த வெயிலில், அந்தச் சேற்றில், புருஷன் இடுப்பளவு புதைந்து நிற்கும்போது அவள் மனதில் ஓடியது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நாமெல்லாம் இப்படித்தான் இருக்கிறோம். தீப்பிடித்து ஓடும்போதும் பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறானா என்று பார்ப்போம்.

தண்ணீர் திரும்பி வந்தால் கயாக் தானாக மிதக்கும், அவரும் ஏறிக்கொள்வார், இரண்டு பேரும் வந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். அந்த நினைப்பு ஆறுதலாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேட்டின்மேல் குடை பிடித்து உட்கார்ந்தாள், முருகா முருகா என்றபடி. அரைமணி நேரம் உட்கார்ந்தாள். அதை அரைமணி என்று சொல்லக்கூட எனக்குக் கூசுகிறது. நாற்பது நிமிஷம் இருக்கும்.

கடைக்கோடியில் இருந்த தண்ணீர்க் கோடு தடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தண்ணீர் வந்தால் கயாக் மிதக்கும். ஆனால் மனுஷன் மிதக்க மாட்டான். மனுஷனை நட்டு வைத்திருக்கிறது. நாற்பத்தெட்டு நாள் ஒரு வேளை தின்ற உடம்பு, இரண்டு நாள் தூங்காத உடம்பு, கொப்பளம் போட்ட கால். அவன் எப்படிப் பிடுங்கிக்கொண்டு ஏறுவான்?

ஒன்று பத்துக்கு அண்ணனைக் கூப்பிட்டாள். பக்கத்துத் தோட்டம், பதினைந்து நிமிஷத் தூரம். சுங்கை செம்பிலாங்கில் படகு வைத்திருக்கிற பாதிப் பேரை அவருக்குத் தெரியும்.

“என்னாம்மா, மாப்ள கால் எப்படி இருக்கு?” என்றார் லோகேஸ்வரன்.

“அண்ணே, நாங்க வீட்டுல இல்லண்ணே.” அதைச் சொன்னதும் உடைந்துவிட்டாள். கயாக், மீன், சேறு, நித்தி, எல்லாம் குழம்பி வந்தது. “திட்டுங்கண்ணே, அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இப்ப வாங்கண்ணே.”

திட்டு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

“அழாத. எங்க நிக்கிறேன்னு லொக்கேஷன் அனுப்பு,” என்றார். குரல் ஏனோ தணிந்திருந்தது. “நான் வீட்டுலதான் இருக்கேன். பத்து நிமிஷம். ஆளையும் சம்பான் படகையும் கூட்டிக்கிட்டு நேரா வந்துர்றேன்.”

“பொம்பாவைக் கூப்புடவாண்ணே?”

“வேணாம் வேணாம். அவனுங்க வந்து சேந்து, பேரு கேட்டு, ஐ.சி. கார்டு கேட்டு… அதுக்குள்ள நான் வந்துருவேன். நமக்குள்ள முடிச்சுக்கலாம்.”

குமுதா அந்த இடத்திலேயே தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். திட்டவே இல்லை அண்ணன். இவரையா இத்தனை வருஷம் பயந்தோம் என்று அவளுக்குத் தன்மேலேயே வெட்கம் வந்தது. கடலைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். வர்றாங்க, ஆள் வர்றாங்க என்று வாயசைத்தாள். ரவீந்திரன் பதிலுக்குக் கையைத் தூக்கினான். மெதுவாகத் தூக்கினான்.

பத்து நிமிஷம் போயிற்று. இருபது போயிற்று. மண் பாதையில் தூசிகூடக் கிளம்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். “வந்துக்கிட்டே இருக்கேன்மா. ரோட்டுல லோரி ஒண்ணு கவுந்து கெடக்கு, எல்லாம் ஜாம். இதோ வந்துட்டேன்,” என்றார். தண்ணீர்க் கோடு கயாக்கைத் தொட்டுவிட்டது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கயாக் ஆடியது, மிதந்தது. ரவீந்திரன் அதைக் கரைப் பக்கம் தள்ளிவிட்டான். நித்தியா துடுப்பைப் போட்டு அப்பாவிடமே திரும்பி வந்தாள். மறுபடி தள்ளினான். மறுபடி வந்தாள். அந்தத் தூரத்திலும் இரண்டு பேரும் சண்டை போடுவது தெரிந்தது.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு மூன்றாம் தடவை கூப்பிட்டாள். அவர் போனை எடுத்தார், ஆனால் பேசுவதற்குள் பக்கத்திலிருந்து அண்ணி அமராவதியின் குரல் வந்துவிட்டது.

“இன்னும் பாதி வழி, தஞ்சோங் காராங்கே வரலயே! அப்பவே சொன்னேன், செகிஞ்சான்ல நண்டு திங்கிறதுக்கு இன்னிக்குத்தானா நாளு? நாளைக்குப் பூசை முடிஞ்சு போயிருக்கலாம்ல? பத்து நிமிஷம்னு வாய் கூசாம சொல்றீங்க, பாவங்க அந்தப் புள்ள—”

போன் சட்டென்று ஊமையாயிற்று. பிறகு அண்ணனின் குரல், “குமுதா, அது வந்து…”

செகிஞ்சான். வடக்கே ஒரு மணி நேரத் தூரம். விடுமுறை நாளில் இன்னும் அதிகம். அண்ணன் வீட்டில் இல்லை. அவரும் வீட்டில் இருக்கிறதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். மாலையைக் கழற்றச் சொன்ன மனுஷன், பூசைக்கு முதல் நாள், தெரிந்தவன் கண்ணில் படாத தூரமாகப் பார்த்துப் போய் நண்டு தின்றிருக்கிறார். அதைத் தங்கச்சியிடம் சொல்ல நாக்கு வரவில்லை. புருஷனும் பிள்ளையும் சாகக் கிடக்கிறார்கள் என்று அவள் அழுதபோதும் வரவில்லை.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, நேரமில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டித்துவிட்டு 999 அடித்தாள். பெயர் கேட்டார்கள், இடம் கேட்டார்கள், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வண்டி கிளம்பிவிட்டது, கரையிலேயே இருங்கள் என்றார்கள். அவளால் இருக்க முடியவில்லை. சுங்கை செம்பிலாங் போனால் ஏதாவது படகு கிடைக்கும். அழுதுகொண்டே காரை எடுத்தாள். கண்ணாடியில் மண்மேடு மட்டும்தான் தெரிந்தது, கடல் தெரியவில்லை. நான் திரும்பி வர்றதுக்குள்ள எதுவும் ஆகக் கூடாது முருகா, இனி ஜென்மத்துக்கும் மச்சம் தொட மாட்டேன், எம் புள்ள மேல சத்தியம் என்று கத்திக்கொண்டே ஓட்டினாள். பிறகு, ஐயோ பிள்ளைமேல் சத்தியம் செய்துவிட்டோமே என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

சுங்கை செம்பிலாங் படகுத் துறையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு வயசான மலாய்க்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தலை முதல் கால் வரை சேறாக ஒரு பொம்பளை ஓடிவந்தால் அவருக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. “ஆரஞ்சு படகா?” என்று மலாயில் கேட்டார். அவர் பெயர் பாக் மாட். படகை அவிழ்த்துக்கொண்டே சொன்னார், “வலை எடுத்துத் திரும்பும்போது பார்த்தேன். ஒரு ஆள் நிற்கிறான், கரையில் ஒரு அம்மா குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். சும்மா இருக்கிறார்கள், பழகினவர்கள் போல என்று வந்துவிட்டேன். ஏன் அப்போதே கூப்பிடவில்லை?” அவளுக்கு மலாய் நன்றாகவே தெரியும். ஆனால் புரியாதவள் மாதிரிப் படகுக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

ஆற்றிலிருந்து வெளியே வந்து வளைந்து போக இருபது நிமிஷம் பிடித்தது. கயாக் கண்ணில் பட்டது. பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. குமுதா எழுந்து நின்றுவிட்டாள், பாக் மாட் இழுத்து உட்கார வைத்தார். கிட்டே போனபோதுதான் தெரிந்தது. ரவீந்திரனின் தலை இருந்தது. கயாக்கிலிருந்து குப்புறத் தொங்கிக்கொண்டு, நித்தியா இரண்டு கையாலும் அப்பாவின் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பிள்ளையின் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அது அழவில்லை. “மா, எனக்குக் கை வலிக்குதுமா. மாத்திக்கோமா,” என்றது.

குமுதா தண்ணீரில் குதித்து, ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தத் தலையை வாங்கிக்கொண்டாள். பாக் மாட் பிள்ளையைத் தூக்கிப் படகில் போட்டார். ஒரு கயிற்றை ரவீந்திரனின் கக்கத்துக்குக் கீழே சுற்றி, மோட்டாரைக் கொடுத்து இழுத்தார். ரவீந்திரன் போட்ட அலறலில் குமுதா நிறுத்துங்கள் நிறுத்துங்கள் என்று கத்தினாள். பாக் மாட் தண்ணீருக்குள் முங்கி, கையால் சேற்றைத் தோண்டினார். தோண்டத் தோண்ட அது மூடிக்கொண்டது. மேலே வந்தார், மூச்சு வாங்கினார், மறுபடி முங்கினார். அறுபது வயது மனுஷன். யார் எவர் என்று தெரியாத ஒருத்தனுக்காக எட்டுத் தடவை முங்கினார்.

தூரத்தில் சைரன் கேட்டது. மேட்டின்மேல் சிவப்பு லோரி வந்து நின்றது. கூப்பிட்ட முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டிருந்தால் ஒன்றேகாலுக்கு வந்திருப்பார்கள். அப்போது அங்கே தண்ணீரே இல்லை.

“பொம்பா வந்துட்டாங்க. பாருங்க, படகை எறக்குறாங்க. இன்னும் அஞ்சே நிமிஷம்,” என்றாள். தண்ணீர் அவன் கீழ் உதட்டில் இருந்தது. தலையை அண்ணாத்திப் பிடித்திருந்தாள். அவன் கண்கள் வானத்தைப் பார்த்தன, பிறகு அவளைப் பார்த்தன.

“மச்சானுக்குத் தெரிஞ்சுருச்சா?” என்றான்.

“தெரிஞ்சுருச்சுங்க.”

“திட்டுனாரா?”

இதையா கேட்கிறான் இந்தப் பாவி! “இல்லங்க. ஒண்ணும் திட்டல. அவரு செகிஞ்சான்ல உக்காந்து நண்டு தின்னுக்கிட்டு இருந்தாரு. அண்ணியோட.”

ரவீந்திரன் ஒரு கணம் புரியாமல் பார்த்தான். அப்புறம் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பழைய கதை பேசும்போது வருமே, தோள் குலுங்குகிற சிரிப்பு, அதுவே. “நண்டா?” என்றான். வாயைத் திறந்த அந்த நேரத்தில் ஒரு சின்ன அலை வந்தது.

“சிரிக்காதீங்க! வாயை மூடுங்க! மூச்சைப் புடிங்க, என்னங்க!” அவன் இருமினான். இருமியபோது இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று. அவள் தூக்கினாள். கழுத்து அதற்கு மேல் வரவில்லை. தன் வாயால் காற்றைக் கொடுத்துப் பார்த்தாள், உப்புத் தண்ணீர்தான் திரும்பி வந்தது. பாக் மாட் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுத்தார். அவள் தோளைப் பிடித்திருந்த அவன் விரல்கள் முதலில் இறுகின. பிறகு இறுக்கம் விட்டது.

ரப்பர் படகு வந்து சேர்ந்தபோது பாக் மாட் நித்தியாவின் முகத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். தீயணைப்புக்காரர்கள் இருவர் குமுதாவைப் பிடித்து விலக்கப் பார்த்தார்கள். அவள் விடவில்லை.

காற்று தணிந்திருந்தது. அப்போது கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. “தங்கச்சி! வந்துட்டேம்மா! நான் வந்துட்டேன்!” லோகேஸ்வரன் மேட்டிலிருந்து ஓடி இறங்கினார். சிலுவார் காலை மடித்துவிடக்கூட இல்லாமல், தலையில் அடித்துக்கொண்டே, நேராகத் தண்ணீருக்குள் வந்தார். முட்டி வரைக்கும் போனார், தொடை வரைக்கும் போனார். ஒரு பக்கம் சாய்ந்தார். காலை இழுக்க முடியாமல் கையைத் துழாவியதை அவள் பார்த்தாள்.

அந்த நிமிஷம் அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இருக்கவேண்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள்.

“வராதண்ணே! கால் வெக்காத! படுத்துக்க, படுத்துக்கிட்டே பின்னால போ! அங்க யாராச்சும் அவரப் புடிங்க!”

பொம்பா ஆட்கள் இரண்டு பேர் ஓடிப்போய் அவரைப் பிடித்து இழுத்தார்கள். அவர் கரையில் விழுந்து கிடந்து அழுதார். குமுதா தண்ணீருக்குள் இருந்த தலையை இன்னும் இரண்டு கையாலும் மேலே தாங்கிப் பிடித்திருந்தாள்.